ஆயுத பூஜையில ஓடின பெட்டிங்க

எனக்குக் கோவம் கொஞ்சம் ஜாஸ்தி, அதை மொதல்லயே சொல்லிடறேன். திண்டிவனத்துல இருபத்திரெண்டு வருஷமா டைப்ரைட்டிங், கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தறவளுக்குக் கோவம் வரலைன்னாதான் ஆச்சரியம். எட்டு கம்ப்யூட்டர், பன்னெண்டு டைப்ரைட்டர், நாள் பூரா தப்புத்தப்பா அடிக்கிற நாப்பது பிள்ளைங்க. ரோஸ்லின் டீச்சர் சத்தம் போட்டா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்னு சொல்லுவாங்க. பொய். தெருமுனை வரைக்கும்தான் கேக்கும்.

ஆனா என்னையே அடக்குறவ ஒருத்தி இருக்கா. அம்சா. முப்பது வருஷத்துக்கு முன்னாடி டைப்ரைட்டிங் ஹையர் கிளாஸ்ல என் பக்கத்து மிஷின்ல உக்காந்தவ. அன்னிக்குப் புடிச்ச சிநேகம். மயிலத்துக்கு அந்தாண்ட ஒரு ஊர்ல சீனுவாசன்னு ஒரு நல்ல மனுஷனுக்கு வாக்கப்பட்டு, மூணு ஏக்கர்ல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டுக்கினு இருக்கா. நான் பத்து வார்த்தை திட்டினா அவ ஒரே வார்த்தையில என்னை உக்கார வெச்சிடுவா. அந்த வார்த்தை பெரும்பாலும் எழுதறமாதிரி இருக்காது.

இந்த வருஷம் தை மாசம் அம்சாவுக்கு ரத்தத்துல புத்துநோய்னு சொல்லிட்டாங்க. பாண்டி பெரியாஸ்பத்திரியில ஆறு ரவுண்டு ஊசி. மூணு போட்டாச்சு. மூணாவதுக்கு அப்புறம் பதினோரு நாள் ஒரு வாய் கேப்பைக் கூழு உள்ள நிக்கல. முடி பூரா கொட்டிடுச்சு. போதும்னுட்டா. டாக்டரம்மா என்னையும் சீனுவாசன் அண்ணனையும் தனியா கூப்பிட்டு, ஆறும் முடிச்சா நல்லா வந்துடுவாங்க, பாதியில விட்டா திரும்ப வரும், வந்தா முன்ன மாதிரி இருக்காதுன்னு தெளிவா சொன்னாங்க. நாலாவது ஊசிக்கு அக்டோபர் மூணாந்தேதி வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தாங்க. அம்சா வரமாட்டேன்னுட்டா. கெஞ்சிப் பார்த்தோம், திட்டிப் பார்த்தோம், அண்ணன் மல்லாட்டைக் கொல்லையில போயி தனியா அழுதுட்டு வந்தாரு. அவகிட்ட பேச்சை எடுத்தாலே, உனக்கு டீ போடட்டான்னு கேட்டுட்டு அடுப்பங்கரைக்குப் பூடுவா.

இந்தச் சமயத்துலதான் விழுப்புரத்துல ஒரு மீட்டிங்குக்குப் போனேன். கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தறவங்க மீட்டிங்கு. அங்க தென்னரசுன்னு ஒரு காலேஜ் லேப் அசிஸ்டெண்ட் எழுந்து பேசினாரு. எங்கேயோ ஆராய்ச்சி பண்றவங்ககிட்ட மலைமாதிரி கணக்கு இருக்குதாம். நம்ம உடம்புல இருக்குற புரோட்டீன் எப்படிச் சுருண்டு மடங்குது, எந்த மருந்து அதுல போயி ஒட்டும்னு பாக்குற கணக்கு. அதைச் சின்னச் சின்னதா உடைச்சு உலகம் பூரா வீட்டுக் கம்ப்யூட்டருங்களுக்கு அனுப்புவாங்களாம். நம்ம பெட்டி சும்மா இருக்குற நேரத்துல அதைப் போட்டு முடிச்சு திருப்பி அனுப்பிடும். முடிச்சதுக்குப் பாயிண்ட்டு. அவரும் அவர் கூட்டாளிங்களும் நோய் வந்த ஒரு சிநேகிதனுக்காக இதைப் பண்ணிக்கினு இருக்காங்களாம்.

எனக்குச் சட்டுனு புரிஞ்சிடுச்சு. ஒரு லோடு மல்லாட்டையை ஒருத்தர் உக்காந்து உடைக்க முடியுமா? வூட்டுக்கு ரெண்டு படின்னு ஊருக்கே பிரிச்சுக் குடுத்தா பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும். அதான் இது. எங்கிட்ட எட்டு பெட்டி இருக்குது, பிள்ளைங்க போனதும் சும்மா கெடக்குது. வீட்டுக்குக் கூடப் போகாம நேரா கிளாஸைத் தொறந்து எட்டுலயும் அதைப் போட்டேன். குழுவுக்குப் பேர் கேட்டுது. திண்டிவனம் அம்சான்னு அடிச்சேன். அவ ஊரு மயிலம் பக்கமாச்சே, திண்டிவனம் எதுக்குன்னு கேக்காதீங்க. பெட்டிங்க என்னுது.

இது அவளுக்கு மருந்து இல்லன்னு எனக்குத் தெரியும். இந்தக் கணக்குக்கு விடை வர பத்து வருஷம் ஆவலாம், அது எங்கேயோ யாருக்கோ உபயோகப்படலாம். ஆனா அம்சா அங்க படுத்துக்கினு இருக்க, இங்க என் கை சும்மா இருக்க மாட்டேங்குது. அவ்ளோதான் விஷயம். ஊர்ல இதைச் சொன்னா யாருக்குப் புரியுது? டீக்கடைக்காரரு தினம் காலையில, அம்சாக்கா ரிப்போர்ட்டு மிஷின்ல வந்துடுச்சான்னு கேப்பாரு. எதிர்வீட்டு லூர்து மேரி அக்கா ஒரு ஜெபமாலையைக் கொண்டாந்து மூணாம் நம்பர் பெட்டி மேல போட்டுட்டுப் போயிட்டாங்க. அது அப்புறம் கொஞ்சம் வேகமாத்தான் ஓடுச்சு, நான் ஒண்ணும் சொல்லல.

அம்சாகிட்ட போன்ல காட்டினேன். மொதல்ல குதிச்சா. "நான் இன்னா செத்தா பூட்டேன், எம்பேர்ல சங்கம் வெக்க?" அப்படின்னு கேட்டா. அப்புறம் போனைப் புடுங்கி, எந்தக் குழுவுக்கு எத்தினி பாயிண்ட்டுன்னு போட்டிருக்குற லிஸ்ட்டைப் பாத்தா. மறுநாள் அவளே போன் பண்ணி எத்தினி பாயிண்ட்டுன்னு கேட்டா. அதுக்கு மறுநாள் ரெண்டு தடவ கேட்டா. மூணாம் நாள், பெட்டிங்க என்ன தூங்குதா, பிள்ளைங்களை அடிக்கிற மாதிரி அதையும் ரெண்டு தட்டு தட்டுன்னா. லிஸ்ட்டுல எங்களுக்கு நேர் மேல தென்னரசோட விழுப்புரம் குழு இருந்தது அவளுக்குப் பொறுக்கல. அந்தக் காலத்துலயே ஹையர் பரீட்சையில ஒவ்வொரு தடவையும் விழுப்புரத்துப் பொண்ணுங்கதான் ஸ்பீடுல ஃபர்ஸ்ட்டு. முப்பது வருஷமா அவளுக்கு அது ஆறல.

ஒரு சனிக்கிழமை அவ வீட்டுக்குப் போயிருந்தப்போ மறுபடியும் ஊசிப் பேச்சை எடுத்தேன். டீ போட எழுந்தவ நின்னு, என்னைத் திரும்பிப் பாத்தா.

"ஒண்ணாந்தேதி புதன்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குள்ள விழுப்புரத்தை முந்திக் காட்டுடி. முந்திட்டீன்னா வெள்ளிக்கிழமை ஊசிக்கு வர்றேன், வாயைத் தொறக்க மாட்டேன். முந்தலைன்னா நீயும் இவரும் இனிமே வாயைத் தொறக்கக் கூடாது. மயிலம் முருகன் மேல சத்தியம்."

எனக்கு ரெண்டு காதுலயும் சூடு ஏறிடுச்சு. மாதா மேல நானும் சத்தியம் பண்ணேன். பின்னாடி நின்னுக்கினு இருந்த சீனுவாசன் அண்ணன் மூணு தடவ இருமினாரு. சளி புடிச்சிருக்குது, வெந்நி குடிங்கண்ணான்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

கூட்டேரிப்பட்டு தாண்டுறதுக்குள்ள உண்மை வெளிய வந்துடுச்சு. முன் சீட்டு அம்மா கண்டக்டருகிட்ட, ஒண்ணாந்தேதி ஆயுத பூஜையாச்சே, இந்த வண்டி வருமா வராதான்னு கேட்டாங்க. நான் எழுந்த வேகத்துல மேல் கம்பியில தலை இடிச்சுது. இருபத்திரெண்டு வருஷமா என் கிளாஸ்லயே பிள்ளைங்க பொரி கடலை வெச்சு, ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, எல்லாத்தையும் அமத்திட்டுப் போற நாளு. அன்னிக்குக் காலையில பொட்டு வெச்சு உக்கார வெச்ச சாமானை மறுநாள் விஜயதசமி காலையிலதான் தொடுவாங்க. திண்டிவனத்துல தையல் மிஷின்ல இருந்து பொக்லைன் வரைக்கும் ஒண்ணும் ஓடாது. வேளாங்கண்ணி கொடியேத்தம் எந்தத் தேதின்னா தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். இந்தத் தேதி மண்டையில ஏறல. அம்சா தெரிஞ்சேதான் வெச்சா. அண்ணன் இருமினது அதுக்குத்தான்.

பஸ்ஸுலயே போன் போட்டு திட்டினேன். அம்சா சிரிச்சா. தை மாசத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அவ சிரிச்சுக் கேக்குறேன், வயித்தைப் புடிச்சுக்கினு, மூச்சு வாங்க வாங்க. அந்தச் சிரிப்புக்காகவே அவளை அடிக்கணும்னு இருந்துது. அந்தச் சிரிப்புக்காகவே விட்டுட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசிச்சப்போதான் ஒண்ணு தோணுச்சு. விழுப்புரத்துக்காரங்க மட்டும் சாமி கும்பிட மாட்டாங்களா? காலேஜ் லேபைப் பூட்டி, பொட்டு வெச்சிட்டு, அவங்களும் பொரி தின்னப் பூடுவாங்க. எங்க வீட்ல ஆயுத பூஜை கெடையாது. எல்லாரும் நிக்கிற அந்த ஒரு நாள்ல எங்க பெட்டிங்க மட்டும் ஓடும். அம்சா எனக்கு வெச்ச குழியில விழுப்புரம் விழப்போவுது. எனக்கு வந்த சந்தோஷத்துல என் வீட்டுக்காரர் சவரிநாதனை எழுப்பி உக்கார வெச்சு முழுசா சொன்னேன். அவர் ரயில்வேயில வேலை பாத்து ரிட்டையர் ஆனவர், அதிகம் பேச மாட்டாரு. நம்ம வீட்டு வயரிங் தாங்குமான்னு மட்டும் கேட்டாரு. அபசகுனமா பேசாதீங்கன்னு சொல்லிட்டேன்.

அன்னிக்கு நிலவரம், விழுப்புரம் முப்பதாயிரம் பாயிண்ட்டு முன்னாடி. என் எட்டு பெட்டியும் பத்தாது. எல்லாம் கெழட்டுப் பெட்டிங்க. ஊர்ல ஒரே ஒரு ராக்கெட்டு இருந்துது, ஸ்டூடியோ மாசிலாமணிகிட்ட. கல்யாண வீடியோ எடிட் பண்றதுக்காகப் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட பெட்டி. புரட்டாசியில கல்யாணம் கெடையாது, அது சும்மாத்தான் உக்காந்திருந்துது. மாசிலாமணி எங்கிட்ட டைப்ரைட்டிங் படிச்சு ரெண்டு தடவ ஃபெயிலானவரு. இன்னிக்கும் நான் கடைக்குள்ள போனா சேரை விட்டு எழுந்து நிப்பாரு. விஷயத்தைச் சொன்னேன். உடனே போட்டுட்டாரு. அன்னிக்கு ராத்திரியே எங்க பாயிண்ட்டு எகிறுச்சு. அவர் பெட்டி ஒரு நாள்ல முடிச்சதை என் எட்டும் சேர்ந்து ஒரு வாரத்துல முடிக்கல. எட்டையும் பாத்து, வெக்கமா இல்லையான்னு கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வித்தியாசம் ஒம்பதாயிரத்துக்கு வந்துடுச்சு. கிளாஸ்ல விட்டா பிள்ளைங்க பொட்டு வெச்சு அமத்திடுவாங்க, பெட்டிங்களை என் வீட்டுக்குக் கொண்டு வரணும். என்னுது எட்டையும் ஆட்டோவுல ஏத்தியாச்சு. மாசிலாமணி கைய பெசஞ்சாரு. டீச்சர், எனக்குச் சோறு போடற மிஷினு, பூஜையில வெக்காம எப்படின்னு கேட்டாரு. நியாயம்தான். அவர் மனசும் நோவக் கூடாது, அம்சாவும் ஊசிக்குப் போவணும். அரை மணி நேரம் பேசினோம். கடைசியில மானிட்டரு, கீபோர்டு, மவுஸு மூணும் பூஜையில உக்காரும், உள்ள வேலை செய்யற பெட்டி மட்டும் என் வீட்டுக்கு வரும்னு முடிவாச்சு. மானிட்டர்தானே மூஞ்சி, சாமி மூஞ்சியைத்தான் பாக்கும்னு நான் சொன்னேன். பெட்டிக்கு ஒரு ஓரத்துல மட்டும் சின்னதா பொட்டு வெச்சுக் குடுத்தாரு. ஓடற மிஷினுக்குப் பொட்டு வெக்கலாமா கூடாதான்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

ஆயுத பூஜை காலையில எங்க வீட்டு ஹாலைப் பாத்திருக்கணும். சோபா வாசல்ல. டீப்பாய் கட்டில் மேல. தரையில வரிசையா ஒம்பது பெட்டி, அதுக்கு ஒம்பது வயரு, ரெண்டு டேபிள் ஃபேனு, ஜெபமாலையோட மூணாம் நம்பரு நடுவுல. சத்தம் நெல்லு மில்லு மாதிரி இருந்துது. சவரிநாதன் ஒரு சேரை எடுத்துக்கினு வேப்பமரத்தடிக்குப் போயிட்டாரு. தெருவுல ஒவ்வொரு வண்டிக்கும் முன்னாடி பூசணிக்காய் உடைஞ்சுக்கினு இருந்துது. நான் ரெண்டு ரெண்டு நிமிஷத்துக்கு லிஸ்ட்டைத் தட்டித் தட்டிப் பாத்தேன். எட்டாயிரம். ஆறாயிரம். மதியம் மூவாயிரம். அம்சாவுக்கு அப்பப்போ அனுப்பினேன். பதிலுக்கு அவ பல்லைக் கடிக்கிற பொம்மையா அனுப்பினா.

ரெண்டு மணிக்கு மேலதான் கவனிச்சேன். நாங்க ஏறுற அளவுக்கு வித்தியாசம் கொறையல. விழுப்புரமும் ஏறிக்கினு இருந்துது. கொஞ்சமாத்தான், ஆனா விடாம. அங்க எவனோ பொட்டு வெக்காம ஓட்டிக்கினு இருக்கான். ஆயுத பூஜை அன்னிக்கு மிஷின் ஓட்டுற அக்கிரமத்தை நெனைச்சு எனக்கு ரத்தம் கொதிச்சுது. என் ஹால்ல ஒம்பது ஓடுறது அந்த நேரத்துல நெனப்புக்கு வரல.

நாலு மணிக்கு வித்தியாசம் அறுநூத்தி நாப்பது. மாசிலாமணி பெட்டியில ஒரு பெரிய வேலை தொண்ணூத்தாறு சதவீதம் முடிஞ்சு நிக்குது. அது முடிஞ்சு போய்ச் சேர்ந்தா ஒரே தாவுல விழுப்புரத்தைத் தாண்டிடுவோம். அப்பதான் தெருவுல பூஜைக்குக் கட்டின சீரியல் லைட்டை எல்லாரும் ஒரே நேரத்துல போட்டாங்க. டிரான்ஸ்பார்மர்ல டொப்புனு ஒரு சத்தம். ஒம்பது பெட்டியும் அமைதியாயிடுச்சு. தெருவே அமைதியாயிடுச்சு. வேப்பமரத்தடியில இருந்து சவரிநாதன் தொண்டையை மட்டும் கனைச்சாரு. அவர் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசியிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்கே தெரியாது.

லைன்மேனுக்குப் போன் போட்டா, பூஜை முடிச்சிட்டு வர்றோம்மா, ஏழு மணி ஆவும்னாரு. மாசிலாமணி ஸ்கூட்டர்ல ஓடியாந்தாரு. அவர் ஸ்டூடியோவும் அதே டிரான்ஸ்பார்மர்தான். பாதியில நின்ன வேலைக்குப் பாயிண்ட்டு கெடையாது, முடிச்சு அனுப்பினாத்தான் உண்டு. அறுநூத்தி நாப்பது பாயிண்ட்டுக்கு அம்சா ஊசி போட்டுக்கப் போறதில்ல. ஹால் நடுவுல பெட்டிங்களுக்கு மத்தியில உக்காந்துட்டேன். அழுகைதான் வந்திருக்கணும். எனக்கு வந்தது கோவம். தென்னரசு நம்பரைத் தேடி எடுத்து, உங்க ஊர்ல சாமி பூதம் கெடையாதா, ஆயுத பூஜை அன்னிக்கு மிஷின் ஓட்டுற அந்தப் புண்ணியவான் யாருன்னு ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் நிறுத்தாம பேசினேன்.

அவர் பொறுமையா கேட்டுட்டு, அது வல்லரசு வீட்டுப் பெட்டி மேடம்னாரு. எந்தச் சிநேகிதனுக்காக அவங்க குழுவே ஆரம்பிச்சாங்களோ அந்த வல்லரசு. அவனும் ரத்தப் புத்துதான். விழுப்புரம் ரயில்வே காலனிக்குப் பின்னாடி வீடு. கட்டில் பக்கத்துலயே பழைய பெட்டி ஒண்ணு வெச்சிருக்கான், அதை மட்டும் எந்த நாளும் அமத்த மாட்டானாம்.

அப்பதான் எனக்கு அழுகை வந்துது. அம்சா, ஊசி, சத்தியம், டிரான்ஸ்பார்மரு எல்லாத்தையும் அழுதுக்கினே சொன்னேன். எங்களுக்காக ஏதாவது பண்ணச் சொல்ல வாய் வரல. எப்படிச் சொல்றது? தென்னரசு, கொஞ்சம் இருங்கன்னு வெச்சிட்டாரு. பத்து நிமிஷத்துல வேற ஒரு நம்பர்ல இருந்து போன் வந்துது. மெல்லிசான குரல், ஆனா உள்ள சிரிப்பு இருந்துது. அக்கா, நான் வல்லரசு பேசறேன், எம்பெட்டியில ஒரு வேலை அஞ்சேமுக்காலுக்கு முடியும், தொள்ளாயிரம் பாயிண்ட்டு வரும், டீமை உங்க பேருக்கு மாத்திடட்டுமான்னு கேட்டான். எங்க ஆளுங்க திட்டுவாங்க, பரவால்ல, நாளைக்குத் திரும்ப மாத்திக்கறேன்னான். மாத்துப்பான்னு ரெண்டு தடவ கெஞ்சினேன். நாப்பது பிள்ளைங்களை மிரட்டுற வாய் இது.

மணி அஞ்சு. மாசிலாமணி ஸ்கூட்டர் பின்னாடி ஏறி உக்காந்தேன். ஜல்தியா போப்பான்னேன். ரோடெல்லாம் உடைஞ்ச பூசணிக்காய், எதிர்ல வர்ற பஸ்ஸுங்க மூஞ்சில வாழைக்கன்னு. கூட்டேரிப்பட்டு திருப்பத்துல ஸ்கூட்டர் பூசணி மேல ஏறி ஒரு சுத்து சுத்தி, போன பக்கமே திரும்பி நின்னுது. பக்கத்துல நின்ன ரெண்டு பேரு கை தட்டினாங்க. நாங்க ரெண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரிச்சுக்கினே மறுபடி திருப்பிக்கினு போனோம். எதுக்குச் சிரிக்கிறோம்னு தெரியல, நிறுத்த முடியல.

அம்சா வீட்ல மண்வெட்டி, களைக்கொத்து, மோட்டார் பம்பு, மருந்தடிக்கிற டப்பா எல்லாம் வரிசையா பொட்டு வெச்சு உக்காந்திருந்துது. அந்த வரிசையில கடைசியா அம்சாவோட ஆஸ்பத்திரி ஃபைலு. அதுக்கும் அண்ணன் சந்தனப் பொட்டு வெச்சிருந்தாரு. அம்சா தலையில துண்டைக் கட்டிக்கினு கடியாரத்துக்கு எதிர்ல சேர் போட்டு உக்காந்திருந்தா. போனை வாங்கி அவளே வெச்சுக்கினா. அஞ்சு நாப்பது. அஞ்சு நாப்பத்தஞ்சு. அஞ்சு ஐம்பது. அவ கட்டைவிரலால இழுத்து இழுத்து விடறா, ஒண்ணும் மாறல. அம்பத்திரெண்டுக்கு மாறுச்சு. திண்டிவனம் அம்சா, இருநூத்தி அறுபது பாயிண்ட்டு முன்னாடி.

மாசிலாமணி குதிச்ச குதியில களைக்கொத்து சாஞ்சு விழுந்துது. அண்ணன் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. நான் அம்சாவைக் கட்டிப் புடிக்கப் போனேன். அவ கைய நீட்டி என்னை நிறுத்திட்டு, எங்க குழு ஆளுங்க பேர் இருக்குற லிஸ்ட்டைக் கீழ தள்ளிக்கினே போனா.

"யார்டி இது, வல்லரசு? காலையில இல்லையே."

கோட்டக்குப்பத்துல எங்க மாமா பையன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. மாதா மேல பண்ண சத்தியம் ஞாபகம் வந்துது. அதோட இவகிட்ட நான் சொன்ன பொய் எதுவும் ஒரு நாள் முழுசா நின்னதில்ல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். கரண்டு போனது, நான் திட்டினது, அவன் கட்டிலு, அவன் பெட்டி, அவன் நோவு. அம்சா கேட்டு முடிச்சிட்டு, போன் போட்டுக் குடுன்னா. போட்டேன். அவளுக்கு ஸ்பீக்கரை அமத்தத் தெரியல, நாங்க எல்லாரும் கேட்டோம்.

வணக்கம் கிணக்கம் ஒண்ணும் இல்ல. உனக்கு எத்தினாவது ஊசின்னு கேட்டா. அவன், ஆறும் முடிச்சேன்க்கா, நல்லாத்தான் இருந்தேன், மறுபடி வந்துடுச்சு, இப்போ ரெண்டாவது சுத்துல மூணு முடிஞ்சுது, வெள்ளிக்கிழமை பாண்டி பெரியாஸ்பத்திரியில நாலாவதுன்னான். இவகிட்ட போயி ஆறும் போட்டும் திரும்ப வந்துடுச்சுன்னு சொல்றானே.

"அப்புறம் எதுக்குடா திரும்பப் போற?"

"எம்பெட்டி ராவும் பகலும் ஓடிக்கினு இருக்குதுக்கா. நான் மட்டும் சும்மா படுத்துக்கினா அதுக்கு மரியாதையா இருக்காது."

அம்சா சிரிக்கல. போனை மடியில வெச்சு, தலைத் துண்டை அவுத்து மறுபடி கட்டினா. அந்தப் பக்கம் அவன் பெட்டியோட ஃபேன் சத்தம் கூட கேட்டுது.

"எனக்கு பயமா இருக்குதுப்பா," அப்படின்னா.

முப்பது வருஷம். இவளுக்குக் கல்யாணம் ஆனப்போ, கொழந்த நிக்காம போனப்போ, நோவு வந்தப்போ எல்லாம் பக்கத்துல உக்காந்தவ நான். என்கிட்ட வாந்தின்னு சொன்னா, இடுப்பு வலின்னு சொன்னா, டீ போடட்டான்னு கேட்டா. பயம்ங்கிற வார்த்தைய ஒரு நாளும் சொன்னதில்ல. பாத்தே இருக்காத விழுப்புரத்துக்காரன்கிட்ட போன்ல சொல்றா. எனக்குப் பொறாமையில பத்திக்கினு வந்துது. அதே நேரத்துல அவன் கால்ல விழணும் போலவும் இருந்துது.

எனக்கும்தான்க்கான்னு அவன் சொன்னான். ஊசி ரூமுக்கு வெளிய அந்த நீல சேர்ல உக்காந்தா எனக்கு எழுந்து ஓடிடலாம் போல இருக்கும், கைய தொடைக்குக் கீழ வெச்சு உக்காந்துக்குவேன்னான். பக்கத்துச் சேர் எப்பவும் காலியாத்தான் இருக்கும்னான். சரி வெச்சிடறேன், வெள்ளிக்கிழமை கட்டம் போட்ட சட்டை போட்டுக்கினு வா, இல்லைன்னா அடையாளம் தெரியாதுன்னு அம்சா சொல்லிட்டு போனை என் கையில குடுத்தா.

அப்புறம் எங்க எல்லாரையும் ஒரு பார்வை பாத்தா. பந்தயத்துல நாம தோத்துட்டோம், விழுப்புரத்தான் தூக்கி விட்டு முந்தினதெல்லாம் கணக்குல வராதுன்னா. மாசிலாமணி விழுந்து கெடந்த களைக்கொத்தை எடுத்து நிமுத்தி வெச்சாரு. தோத்தா யாரும் ஊசியைப் பத்தி வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம். அதனால நாங்க யாரும் தொறக்கல. அவளே அண்ணன் பக்கம் திரும்பினா.

"வெள்ளிக்கிழமை பாண்டிக்கு மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

அந்த ரோட்டுல ஓடற ஒவ்வொரு வண்டியோட டைமும் அண்ணனுக்குத் தெரியும். அவர் துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கினு இருந்தாரு. அஞ்சு நாப்பதுக்குன்னு நான்தான் சொன்னேன்.